நீறும் காரையும்

தமிழில் 'நீறு' என்னும் சொல் சாம்பலையும் குறிக்கும். சுட்ட கல்லில் நீர் தெளித்துப் பூக்கச் செய்த சுண்ணாம்பையும் குறிக்கும். எரிந்து எஞ்சியது எதுவாயினும் அது நீறே என்பது நம் முன்னோர் கருத்துப் போலும். இவ்விரண்டு நீறுகளும் நீரின் துணையோடு ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் கல்லாக இறுகும் என்பதே நாம் ஈண்டு விளக்கப் புகுந்த செய்தி. தமிழ்த்துறை மலரில் கட்டடக் கலவைக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள், இச்சொல்லின் பொருட்டேனும் நம்மைப் பொறுத்தருள்வார்களாக.

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்பெற்ற ஊர். மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தே நெல், கரும்பு, தென்னை, எலுமிச்சை. ஊருக்குள்ளோ புதிய வீடுகள் எழும்பிய வண்ணம் உள்ளன. வளைகுடா நாடுகளில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளை ஒருவர் மொத்தமாகக் கொண்டுவந்து இறக்கும் இடம் வீடுதான். அவ்வீட்டிற்கு மேல்தளம் போடும் நாள் நெருங்கியதும் எழும் வினா ஒன்றுண்டு. "கடையில் கொடுப்பது சாம்பல் கலந்த சிமெண்டாமே, வாங்கலாமா?" கொத்தனார் ஒன்று சொல்வார், கடைக்காரர் வேறொன்று சொல்வார், பொறியாளர் இருவரையும் மறுப்பார். பாலில் நீரும் மிளகில் பப்பாளி விதையும் கலந்து பழகிய நாட்டில், சாம்பல் என்றவுடன் கலப்படம் என்ற ஐயம் எழுவது இயல்பே. அவ்வையம் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பதைச் சற்றே விரிவாகக் காண்போம்.

முதற்கண், சிமெண்ட் எவ்வாறு இறுகுகிறது என்பதை அறிதல் வேண்டும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்துக் கலந்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் எனப்படும் கரிய உருண்டைகள் கிடைக்கின்றன. அவற்றோடு சிறிது ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் அதுவே சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட். 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தைச் சார்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் இப்பெயருக்குக் காப்புரிமை பெற்றார். சிமெண்டில் நீர் கலந்ததும் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, கால்சியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த பசை; கற்களையும் மணலையும் பிணைத்து வலிமை தருவது இதுவே. மற்றொன்று, நீறிய சுண்ணாம்பு. வேதியியலார் கால்சியம் ஹைட்ராக்சைடு என்பர். இறுகிய சிமெண்டுப் பசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சுண்ணாம்புதான். கம்பி துருப்பிடிக்காமல் காப்பதற்கு இதன் காரத்தன்மை உதவும் என்பது உண்மை. ஆயினும் வலிமைக்கு இது பெரிதும் உதவுவதன்று. நீர் ஊடுருவினால் கரைந்து வெளியேறும். பழைய தளங்களின் அடியிலும் நீர்த்தொட்டிச் சுவர்களிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து வழிந்திருப்பது இதுவே.

இங்கேதான் சாம்பல் வருகிறது. தகுந்த முறையில் எரிந்த சாம்பலில், படிக உருப் பெறாத சிலிக்கா மிகுதியாக இருக்கும். அது சும்மா கிடக்கும் சுண்ணாம்பைப் பிடித்து, மேலும் வலிமைப் பசையாக மாற்றிவிடுகிறது. சிமெண்ட் தன் பணியைச் செய்து கழித்த மிச்சத்தை எடுத்துச் சாம்பல் இரண்டாம் முறை வேலை வாங்குகிறது எனலாம். பசை பெருகப் பெருக நுண்ணிய துளைகள் அடைபடுகின்றன. நீரும் உப்பும் உட்புகும் வழி குறைகிறது. தூத்துக்குடி, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் கம்பியைத் தின்னும் உப்புக்காற்றை எண்ணினால் இதன் பயன் விளங்கும்.

இது புதுமையன்று. இத்தாலியின் வெசூவியஸ் எரிமலையை அடுத்த புட்சுவோலி என்னும் ஊரின் சாம்பல் மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் நீருக்குள்ளும் இறுகும் என்பதை உரோமர்கள் அறிந்திருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர் தம் நூலில் இதனை எழுதியுள்ளார். அவ்வூர்ப் பெயரை ஒட்டியே இத்தகைய பொருள்களைப் 'பொசோலானா' என்று உலகம் அழைக்கிறது. நம் நாட்டிலோ எரிமலைச் சாம்பல் தேடிப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. சூளையில் சுட்ட செங்கல்லை இடித்துத் தூளாக்கினால் அதுவே பொசோலானா. சுர்க்கி என்று நம் கொத்தனார்கள் அழைத்தது இதனைத்தான். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரியும். கருப்பட்டி நீரும் கடுக்காய் ஊறல் நீரும் விட்டு அரைத்த காரையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம், அதிற்கலந்த செங்கல் தூளை மறந்துவிடுகிறோம். (இடையே ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்புக் காரைக்கு உகந்த கருப்பட்டி சிமெண்டுக்கு ஆகாது. மிகச் சிறிதளவு சர்க்கரையே சிமெண்ட் இறுகுவதைப் பெரிதும் தாமதப்படுத்தும். பழைய பக்குவம் எல்லாவற்றையும் புதிய பொருளோடு சேர்த்துவிடக் கூடாது.)

செங்கல் தூளின் ஆற்றலுக்குச் சான்று வேண்டுவோர் புளியங்குடியிலிருந்து மேற்கே மலைமுகட்டை நோக்கினால் போதும். நம் வட்டாரத்துச் சிவகிரி மலையில் தோன்றுவதாகக் கூறப்படும் பெரியாற்றின் குறுக்கே, கர்னல் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் முடிக்கப்பட்டது முல்லைப் பெரியாறு அணை. அது கருங்கல்லும், சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டது. நூற்றாண்டு கடந்து அது நீரைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் கற்காரைப் போர்வையும் எஃகு வடங்களும் கொண்டு வலுவூட்டப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் பாதுகாப்புப் பற்றிய வழக்குகளும் வாதங்களும் நம் கட்டுரைக்கு அப்பாற்பட்டவை. காட்டினுள்ளே பெருவெள்ளங்களுக்கு நடுவில், சிமெண்ட் ஆலைகள் நம் நாட்டில் தோன்றுவதற்கு முன்பே இச்சாந்து நீருக்கடியில் இறுகியது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

பின்னர்ச் சிமெண்ட் வந்தது. நம் பகுதி அதன் தாய்வீடுகளுள் ஒன்றாயிற்று. திருநெல்வேலிக்கு அருகில் தாழையூத்துச் சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அந்நிறுவனம் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்கு மாறியது. விருதுநகரை அடுத்த இராமசாமிராஜா நகர் ஆலை 1962இல் எழுந்தது. ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970இல் அமைந்தது. இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், நம் மாவட்டத்து ஆலங்குளம் அன்று. விரைவாக இறுகும் இப்புதிய மாவின் முன் சுர்க்கி செல்லாக்காசாயிற்று. காரையிடிக்கும் ஓசை தெருக்களில் அடங்கியது.

மறைந்த கருத்து வேறு வடிவில் திரும்பியது அனல்மின் நிலையங்களின் வழியே. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் இயங்கத் தொடங்கிற்று. ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகள் அங்கு அமைந்தன. இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி; நூறு கிலோ எரித்தால் முப்பது முதல் நாற்பது கிலோ வரை சாம்பலாக எஞ்சும். புகையோடு பறக்கும் நுண்சாம்பலை மின்னாற்றலால் ஈர்த்துப் பிடிக்கின்றனர். உருப்பெருக்கியில் நோக்கினால் அத்துகள்கள் நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகத் தோன்றும். கடும் வெப்பத்தில் உருகிச் சட்டென்று குளிர்ந்தமையால் படிகமாகத் திரள அவற்றுக்கு நேரம் வாய்ப்பதில்லை. உருண்டை வடிவமானதால் கலவை வழுக்கிக்கொண்டு இளகும். நீர் குறைவாகவே போதும். அமெரிக்காவில் 1953இல் நிறைவுற்ற ஹங்ரி ஹார்ஸ் அணையிலும், நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து ரிஹண்ட் அணையிலும் இச்சாம்பல் சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக இடப்பட்டது. ரிஹண்டில் அதன் அளவு 15 விழுக்காடு. பேரணைகளில் சிமெண்ட் இறுகும்போது எழும் வெப்பமே வெடிப்புக்கு வழிவகுக்கும். சாம்பல் அவ்வெப்பத்தையும் தணிக்கும்.

இன்று கடைகளில் பி.பி.சி. என்று விற்கப்படும் சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை நிலக்கரிச் சாம்பல் இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது. ஆலையில், அளந்து, கிளிங்கரோடு சேர்த்துக் கலக்கப்படுவது அது. மூட்டையின் மேல் வெளிப்படையாக அச்சிட்டு விற்பதைக் கலப்படம் என்பது பொருந்தாது. ஆனால் எல்லா நிலக்கரிச் சாம்பலும் இதற்கு உதவாது. நீரோடு குழம்பாக்கிச் சாம்பற் குளங்களில் விடப்பட்டு, பருத்து, ஈரமேறிக் கிடக்கும் சாம்பலை மேடு நிரப்பவும் செங்கல் அறுக்கவும் கொள்ளலாம். சிமெண்டுக்கு ஈடாகக் கொள்ளல் ஆகாது. துபாயில் 2010இல் திறக்கப்பட்ட 828 மீட்டர் உயரப் புர்ஜ் கலீபாவின் அடித்தூண்களுக்கான கற்காரையில் 25 விழுக்காடு நிலக்கரிச் சாம்பலும் 7 விழுக்காடு நுண்சிலிக்காவும் சேர்க்கப்பட்டன. அங்கே அதனை ஏற்று வியந்துவிட்டு, ஊருக்கு வந்ததும் 'சாம்பல் சிமெண்ட் வேண்டாம்' என்று முகம் சுளிப்போர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, நம் வயலுக்கு வருவோம். ஆயிரம் கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி. அவ்வுமியை எரித்தால் ஏறத்தாழ 40 கிலோ சாம்பல். அச்சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா. தானியப் பயிர்களுள் நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை வாரியெடுத்து உமியில் குவித்து வைப்பதில் தலைசிறந்தது. உமி மாட்டுக்குத் தீவனமாகாததும் எளிதில் மக்காததும் இதனால்தான். உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறை நம் தலைமுறை. பற்களை வெண்மையாக்கிய அந்த உராய்வுக்குக் காரணமும் இச்சிலிக்காவே. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் பொவிந்தர் குமார் மேத்தா 1970களில் உமிச்சாம்பலை ஆராய்ந்து, தக்கவாறு எரித்தால் அது உயர்ந்த பொசோலானா ஆகும் என்று காட்டினார்.

'தக்கவாறு' என்னும் சொல்லில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது. ஏறத்தாழ 700 பாகைக்கு உட்பட்ட வெப்பத்தில் சீராக எரிந்த சாம்பல், எண்ணற்ற நுண்துளைகளோடு சுண்ணாம்பை விழுங்கக் காத்திருக்கும். வெப்பம் அதனை மிகக் கடந்து நெடுநேரம் நீடித்தால் சிலிக்கா படிகமாகித் தூங்கிவிடும்; பிறகு அது வெறும் மணலே. வெப்பமும் காற்றும் போதாமல் எரிந்தாலோ கரி மிஞ்சிக் கறுத்துவிடும். அக்கரி நீரை உறிஞ்சும். கொத்தனார் குழம்பை இளக்க மேலும் நீரை ஊற்றுவார். நீர் மிகுந்தால் வலிமை போயிற்று. புழுங்கலரிசி ஆலைகளின் கொதிகலன்கள் நெல்லை அவிப்பதற்காக அமைந்தவையேயன்றிச் சிலிக்காவைப் பக்குவம் செய்வதற்காக அமைந்தவையல்ல. ஒரே ஆலையில் காலையில் எரிந்த சாம்பல் மாலையில் எரிந்ததை ஒத்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. கற்காரைக்கான இந்திய விதிநூலாகிய ஐ.எஸ். 456 (2000) உமிச்சாம்பலை அனுமதிக்கிறது. அதே மூச்சில், இடத்துக்கு இடம் சோதித்தே கொள்ளவேண்டும், இன்றேல் அது வண்டல் மண்ணைப் போலத் தீங்கு செய்யலாம் என்றும் எச்சரிக்கிறது. எனவே ஆலை வாசலில் குவிந்து கிடக்கும் சாம்பலை மூட்டைக்கு இத்தனை கூடை என்று வாரிக் கொட்டுவது அறிவுடைமை ஆகாது. நன்கு எரித்து, சிமெண்டினும் நுண்மையாக அரைத்து, சோதித்த சாம்பலாயின் 10 முதல் 15 விழுக்காடு வரை சேர்ப்பது பயன் தரும் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு.

கரும்புச் சக்கைச் சாம்பலுக்கும் இதே விதி. வாசுதேவநல்லூர்ச் சர்க்கரை ஆலையை அறிந்த நம் பகுதியினர்க்கு அச்சாம்பலும் புதிதன்று. இரும்பாலைகளின் உலைக்கசடு வேறு இனம். அது தானே ஓரளவு இறுகும் தன்மையது, ஆதலின் சிமெண்டில் 70 விழுக்காடு வரைகூட இடம்பெறலாம். பாறைப்பொடி, சலவைக்கல் தூள் ஆகியவை சுண்ணாம்போடு வினைபுரிவதில்லை. இடுக்குகளை நிரப்புவதே அவற்றால் ஆவது. எம்-சாண்ட் எனப்படும் செயற்கை மணல் மணலுக்கு மாற்றேயன்றிச் சிமெண்டுக்கு மாற்றன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். ஆண்டுதோறும் பொறியியற் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணாக்கர் முட்டையோடு, சிரட்டைச் சாம்பல் எனக் கைக்கு அகப்பட்டவற்றையெல்லாம் கலந்து கனசதுரங்களாக வார்த்து, 28ஆம் நாளில் நசுக்கிப் பார்த்து ஏடெழுதி வைக்கின்றனர். முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் எதிலே சிலிக்கா உண்டு, எதிலே இல்லை என்ற முதற்கேள்வியைக் கேட்டாலே பாதி ஏடுகள் குறைந்துவிடும். புளியங்குடியின் பெருமைக்குரிய எலுமிச்சையைக் கூட இதிற் சேர்க்க இயலாது. அதன் புளிப்பு சுண்ணாம்பை அரித்துக் கரைக்குமேயன்றி இறுக்காது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்றால், சுண்ணாம்புக்கல் சுடப்படும்போதே மாசு பிறக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 44 கிலோ கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கும். விறகோ நிலக்கரியோ வேண்டாமல் வெயிலிலே சுட்டாலும் இந்த 44 கிலோ தப்பாது. உலகில் மனிதச் செயல்களால் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 அல்லது 8 விழுக்காடு சிமெண்டினால் வருவது என்று கணித்துள்ளனர். கிளிங்கரைக் குறைப்பது ஒன்றே இதற்கு நேர்வழி. ஆயினும் நிலக்கரி மின்சாரம் குறையக் குறையச் சாம்பலும் குறையும் அல்லவா? அதனால்தான் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துப் பேராசிரியை கேரன் ஸ்க்ரிவனர் குழுவினரோடு சென்னை, தில்லி ஐ.ஐ.டி. அறிஞர்களும் இணைந்து, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமெண்டை உருவாக்கினர். அதற்கு 2023இல் இந்தியத் தரநூல் (ஐ.எஸ். 18189) வெளிவந்தது. சுட்ட களிமண் என்பது யாது? பெரியாற்று அணையின் சுர்க்கிதான், வேறு பெயரில் திரும்பி வந்துள்ளது.

இனி, கொத்தனாரின் ஐயத்திற்கு வருவோம். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. சாம்பல் வினைபுரிவதற்கு முதலில் சிமெண்ட் வினைபுரிந்து சுண்ணாம்பு உண்டாக வேண்டும். ஆகவே சாம்பல் சிமெண்ட் தொடக்கத்தில் மெதுவாகவே வலுப்பெறும். 53 தரம் என்று விற்கப்படும் சாதாரண சிமெண்ட், சோதனையில் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் தாங்கவேண்டும், பி.பி.சி.க்கு விதி கேட்பது 33தான். நடைமுறையில் அது இதனினும் மிகுதியாகத் தாங்குவதுண்டு. 28 நாளோடு நின்றுவிடாமல் திங்கள்கணக்கில் வளர்ந்துகொண்டும் போகும். ஆனால் வளர்வதற்கு நீர் வேண்டும். ஈரம் உலர்ந்தால் அன்றே அந்த இரண்டாம் வினை நின்றுவிடும். நின்றபின் உள்ளே இருப்பது வினைபுரியாத சாம்பல். அப்போது அது மெய்யாகவே கலப்படத்திற்குச் சமம். கலவை நன்றாயிருந்தும் பதம் கெட்டால், காற்றின் கரியமில வாயு எளிதில் உட்புகுந்து கம்பியின் காவலையும் குலைக்கும்.

சாதாரண சிமெண்டுக் கற்காரையைக் குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும். சாம்பல் கலந்ததைக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும். வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் 14 நாள் வரை நீட்டிப்பது நன்று என்பது ஐ.எஸ். 456இன் நெறி. நாமோ தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துகிறோம். நான்காம் நாளே அது வற்றிவிடுகிறது. தூண்களுக்குச் சுற்றிய சாக்கு அதற்கு முன்பே காய்ந்து தொங்குகிறது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வீசும் காற்றை நம்மவர் அறிவர். சாரல் அடிக்கிறதே, நனைத்துத்தான் ஆகவேண்டுமா என்று எண்ணுவது பிழை. அக்காற்று, போட்ட சில மணி நேரத்திற்குள்ளேயே தளத்தின் மேற்பரப்பை உலர்த்தி மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கிவிடும். அந்நாளில் தார்ப்பாயோ நனைந்த சாக்கோ உடனே மூடுவது தேவை.

முட்டுப் பிரிப்பதிலும் இதே அவசரம். சாதாரண சிமெண்டுக்கே, நான்கரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளும், அதனினும் அகன்றவற்றுக்கு 14 நாளும் விட்டுவைக்க வேண்டும். சாம்பல் சிமெண்டுக்கு இதனை மேலும் நீட்டிக்க வேண்டும். பலகைக்காரருக்கு அடுத்த வீடு காத்திருக்கும், வாடகையும் ஏறும். வெளிநாட்டிலிருந்து நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வந்தவருக்கோ விமானச் சீட்டின் தேதி கண்முன் நிற்கும். அத்தகையோர்க்கு நம் பரிந்துரை இதுவே: தளம் போடும் நாளை விடுப்பின் முதல் வாரத்திலேயே வைத்துக்கொண்டு, முட்டும் பாத்தியும் மூன்று வாரம் கலையாமல் நிற்க இடம் கொடுத்தால் பி.பி.சி.யைத் தயங்காமல் வாங்கலாம். கடைசி வாரத்தில் தளம் போட்டு, முட்டைப் பிரித்துவிட்டு விமானம் ஏற எண்ணுவோர் சாதாரண சிமெண்டையே வாங்கட்டும். அதற்கும் ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஓர் ஆளை நியமித்துவிட்டுப் போகட்டும்.